நடிக்காத குரல்

தொலைக்காட்சியில் பழைய படம் பார்க்கும் வழக்கமுடைய நம் மாணவர்களுக்குப் பூர்ணம் விசுவநாதன் அவர்களின் முகம் தெரிந்திருக்கும். பெயர் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. ‘வருஷம் 16’ படத்தில் கூட்டுக் குடும்பத்தின் தலைவராக வரும் பெரியவர் அவர். ‘மகாநதி’யில் சிறைக்குள் கமலஹாசனுக்கு ஆறுதலாக நிற்கும் பஞ்சாபகேசனும் அவரே. 2008ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் மறைந்தார். இன்று முதலாண்டு வகுப்பில் அமர்ந்திருப்போரில் பலர் அன்று தொட்டிலில் கிடந்தவர்கள்.

அந்த முகம் ஊருக்குத் தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே, முகம் தேவைப்படாத ஒரு தொழிலில் அவர் பல்லாண்டு இருந்தார். தில்லியில் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளர் அவர். 1947 ஆகஸ்டு 15 அன்று, நாடு விடுதலை பெற்றது என்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. நாடக மேடையில் பழகிய ஒருவர், தம் வாழ்நாளிலேயே மிகப் பெரிய வாக்கியத்தைச் சொல்ல நேர்ந்தபோது, சிறிதும் நடிக்கக் கூடாத ஓர் அறைக்குள் அமர்ந்திருந்தார். இந்த முரண்தான் என்னை அவர்பால் ஈர்த்தது. அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1921 நவம்பர் 15 அன்று பிறந்தார். நெல்லைச் சீமைக் குடும்பம். பூர்ணம் என்பது குடும்பத்துச் சகோதரர்கள் தங்கள் பெயருக்கு முன் சூடிக்கொண்ட அடைமொழி. இந்தச் சகோதரர்களைப் பற்றித் தமிழ் மாணவர்கள் அவசியம் அறியவேண்டும். மூத்தவர்களில் ஒருவரான பூர்ணம் இராமச்சந்திரன்தான் உமாசந்திரன் என்ற பெயரில் ‘முள்ளும் மலரும்’ நாவலை எழுதியவர். கல்கி வெள்ளி விழாப் போட்டியில் பரிசு பெற்ற அந்த நாவலே 1978இல் மகேந்திரன் இயக்கத்தில் படமாக வந்தது. உமாசந்திரனும் வானொலியில் பணியாற்றியவரே. இன்னொருவர் பூர்ணம் சோமசுந்தரம். மாஸ்கோவில் இருந்துகொண்டு ருசிய நூல்களைத் தமிழாக்கியவர். பூ. சோமசுந்தரம் என்ற பெயரை ‘உண்மை மனிதனின் கதை’யின் முகப்பில் பார்த்தவர்கள் நம் ஊரிலும் பலர் உண்டு. ஆலைத் தொழிலாளர் வீடுகளில் அந்த மலிவு விலைச் சோவியத் நூல்கள் அரிசிப் பானைக்கு அருகிலேயே இருந்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் கதையைத் தந்தார், ஒருவர் அயல்நாட்டு இலக்கியத்தைத் தந்தார், ஒருவர் அன்றாடச் செய்தியைத் தந்தார். மூவருக்கும் தமிழே பிழைப்பாக அமைந்தது. தமிழ் படித்தால் வேலை ஏது என்று நம்மைக் கேட்கும் உறவினர்களுக்கு இக்குடும்பத்தைச் சுட்டிக் காட்டலாம்.

விசுவநாதன் பதினெட்டு வயதிலேயே நாடகத்தில் நடிக்கத் தொடங்கிவிட்டார். நாற்பதுகளின் நடுவில் தில்லி வானொலியில் சேர்ந்தார். வானொலி அப்போது எந்நிலையில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் அந்தப் பணியின் கனம் விளங்கும்.

சென்னையில் 1924இலேயே கிருஷ்ணசாமிச் செட்டியார் என்ற ஆர்வலர் முன்னின்று மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார். பணமின்றி அது 1927இல் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அரசின் ஒலிபரப்பு 1936இல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் பெற்றது. 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் எழுந்தன. அந்த 1939இலேயே போர் மூண்டது. போர் வந்ததும் செய்திக்கு வந்தது உயிர். எந்தக் கப்பல் மூழ்கியது, எந்த ஊர் வீழ்ந்தது என்று தெரிந்துகொள்ள மக்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பெர்லினிலிருந்தும் பின்பு தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி பேசியது. மலேயாவிலும் பர்மாவிலும் தமிழர்கள் இலட்சக்கணக்கில் இருந்ததால், இரு தரப்புக்கும் தமிழ் ஓர் ஆயுதமாயிற்று. எந்தக் குரலை நம்புவது என்பது அன்று உயிர்ப் பிரச்சினை. 1940இல் இலண்டன் பி.பி.சி. தன் செய்தி வாசிப்பாளர்கள் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டே தொடங்கவேண்டும் என்று வகுத்தது. பகைவர் போலிச் செய்தி பரப்பினால் மக்கள் குரலை வைத்தே கண்டுகொள்ளட்டும் என்பது அதன் நோக்கம். செய்திகள் வாசிப்பது இன்னார் என்று பின்னாளில் நம் வானொலியிலும் நாம் கேட்ட அந்த ஒரு வரிக்குள் இப்படி ஒரு பொறுப்பு உண்டு. பெயர் சொல்வது புகழுக்காக என்று நான் நினைத்திருந்ததுண்டு. ஆவணத்தின் அடியில் இடும் கையொப்பத்துக்கு நிகரானது அது.

தில்லியில் பாராளுமன்ற வீதியிலிருந்த ஒலிபரப்பு மாளிகையில் செய்திகள் ஆங்கிலத்தில் தயாராகும். அதை வைத்து ஒவ்வொரு மொழிப் பிரிவும் தன் அறிக்கையை மொழிபெயர்த்துக்கொள்ளும். வாசிப்பவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பது வழக்கம். நேரமோ மிகக் குறைவு. இங்கே தமிழுக்கென்றே ஓர் இடர் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். யார் என்ன செய்தார் என்பது முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கும். அமைச்சர் இன்ன ஊரில், இன்ன கூட்டத்தில், இன்னாருடைய கோரிக்கையை, இன்ன காரணத்தால் என்று நீட்டிக்கொண்டே போய், ஏற்றாரா மறுத்தாரா என்பதைக் கேட்க வாக்கியத்தின் வால் வரை காத்திருக்கவேண்டும். அச்சில் படிப்பவன் கண்ணைத் திருப்பி மறுபடி படிப்பான். காதால் கேட்பவனுக்கு அந்த வசதி இல்லை. எனவே வாக்கியத்தை வெட்டவேண்டும். வெட்டும்போது பொருள் சிதையக் கூடாது. வாசிக்கும்போதோ, வினை வரும்வரை குரல் தாழாமல் நிற்கவேண்டும். இடையில் மூச்சு விட்டால் செய்தியே திரிந்துபோகும். மறுத்தார் என்பதில் கடைசி அசை விழுங்கப்பட்டால் நாட்டில் ஒரு குழப்பம்!

மில்லியன்களை இலட்சமாக்கும் கணக்கு வேறு. நாவுக்குள் அடங்காத அயல்நாட்டுத் தலைவர் பெயர்கள் வேறு. நெல்லைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகக் கரைவது உண்டு. எங்கள் கொங்குப் பேச்சில் எதையும் இழுத்து ‘ங்க’ போட்டு முடிக்கும் பழக்கம் உண்டு. செய்தி வாசிப்பவருக்கு எந்த ஊர்ச் சாயலும் ஆகாது. யாழ்ப்பாணத்தாரும் சிங்கப்பூராரும் தஞ்சாவூராரும் கேட்கிறார்கள். தம் ஊரையே நாவிலிருந்து கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லவேண்டிய தொழில் அது.

சொற்களிலும் பெரும் மாற்றம் நடந்துகொண்டிருந்த காலம். சர்க்கார் அரசாயிற்று. மந்திரி அமைச்சரானார். அபேட்சகர் வேட்பாளரானார். காரியதரிசி செயலாளரானார். அக்கிராசனர் தலைவராகி, பிரசங்கம் சொற்பொழிவாயிற்று. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நடந்த இந்த மாற்றத்தை எழுத்தறியாதவர் காதுக்கும் கொண்டு சேர்த்ததில் வானொலிக்குப் பங்குண்டு. நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கலைச்சொல்லாக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது செய்தி வாசித்தவர்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் பணிவான வேண்டுகோள்.

இனி அந்த ஆகஸ்டு 15. வெள்ளிக்கிழமை. விசுவநாதனுக்கு அப்போது வயது இருபத்தைந்து. நம் முதுகலை மாணவர்களைவிட இரண்டு மூன்று ஆண்டு மூத்தவர், அவ்வளவே. முந்தின நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசியிருந்தார். பிரிவினையால் வானொலியும் பிரிந்தது. இருந்த ஒன்பது நிலையங்களில் இலாகூர், பெஷாவர், டாக்கா மூன்றும் பாகிஸ்தானுக்குப் போயின. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, இலட்சுமணபுரி ஆறும் நமக்கு நின்றன. ஆறில் இரண்டு தமிழ் பேசும் மண்ணில் இருந்தவை என்பது கவனிக்கத்தக்கது. நாடு முழுவதும் சேர்த்து அன்று இருந்த வானொலிப் பெட்டிகள் சுமார் 2,75,000 என்பர். முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அவ்வளவே. ஒரு பெட்டியை ஒரு தெருவே கேட்டது என்றால் அதில் மிகையில்லை.

அந்த நாட்களில் மகிழ்ச்சி மட்டும் செய்தியாக இருக்கவில்லை. பஞ்சாபில் குருதி ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஊர் எந்த நாட்டில் என்று சொல்லும் எல்லைத் தீர்ப்பு ஆகஸ்டு 17 அன்றுதான் வெளியாயிற்று. அதாவது விடுதலை நாளில் தம் வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்று அறியாத மக்கள் இருந்தார்கள். கொடியேற்றமும் கொலையும் ஒரே வாரத்துச் செய்திகளில் அடுத்தடுத்து நின்றன. மேடை நடிகர் ஒருவருக்கு இது எத்தகைய சோதனை என்று எண்ணிப் பாருங்கள். விடுதலை என்ற சொல்லுக்குக் குரலை உயர்த்தினால், அடுத்து வரும் சாவுச் செய்திக்கு எந்தக் குரலை எடுப்பது? தழுதழுத்தால் சொல் தெளியாது. கைதட்டலும் இல்லை, எதிரே ஒலிவாங்கியும் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பொறியாளரும்தான். செய்தி வாசிப்பாளர் உணர்ச்சியற்றவர் என்று சிலர் ஏளனமாகச் சொல்வர். உணர்ச்சியைக் கேட்பவருக்கே விட்டுவிடுபவர் என்று சொல்வதே பொருத்தம் என எனக்குத் தோன்றுகிறது. அழுவதும் ஆடுவதும் பெட்டிக்கு இந்தப் பக்கம் இருப்பவருடைய உரிமை.

வானொலியிலேயே வேறு வகைப் பணியும் உண்டு. 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆங்கிலத்தில் வருணித்தார். இன்றும் அது போற்றப்படுகிறது. அது வருணனை, கண்ணால் கண்டதைத் தம் நெஞ்சின் வழியே சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. செய்தி வாசிப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. தாளில் உள்ளதே அவருக்கு எல்லை.

இந்த எல்லையைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாகவேண்டும். புகழ்ந்துகொண்டே போனால் கட்டுரை பொய்யாகிவிடும். தாளில் உள்ளதை எழுதுவது அரசு. அகில இந்திய வானொலி அரசின் இலாகாவாகவே பல்லாண்டு இருந்தது. பிரசார் பாரதி அமைந்தது 1997இல்தான். 1965இல் மொழிப் போராட்டத்தின்போது பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கொங்கு நாட்டு மக்கள் தங்கள் தெருவில் கண்டதைத் தில்லியிலிருந்து வரும் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்ட காலம் அது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் வானொலி ஆளும் தரப்பின் ஊதுகுழலாகவே ஆயிற்று; மக்கள் இரவில் பி.பி.சி.யைத் தேடினர். செய்தி வாசிப்பவர் தம் நம்பகமான குரலை அரசுக்குக் கடனாகக் கொடுக்கிறார். அந்தக் குரலில் உண்மையும் வரலாம், மறைப்பும் வரலாம். நல்ல குரல் எவ்வளவு நம்பகமானதோ அவ்வளவு ஆபத்தானதும்கூட. ஒருவர் திறம்பட வாசிக்க வாசிக்க, தாளில் இருப்பதைக் கேள்வி கேட்கும் பழக்கம் கேட்பவனிடம் குறைகிறது. விசுவநாதனின் அதிர்ஷ்டம், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட செய்தி எவரும் மறுக்க இயலாத செய்தியாக அமைந்தது.

எங்கள் பீளமேட்டுக்கு அந்தக் காலத்துச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரு சொல். கோவைக்கென்று வானொலி நிலையம் வந்தது 1966இல். அதற்கு முன் திருச்சியைப் பிடிக்கவேண்டும்; பகலில் கரகரப்பு, இரவில் தெளிவு. ஆனால் பெட்டிக்கு இங்கே பஞ்சமில்லை எனலாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஜி.டி. நாயுடு அவர்களின் யு.எம்.எஸ். பெயரில் ரேடியோப் பெட்டிகளும் கோவையிலேயே உருவாயின. என் அப்புச்சி ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைச் சங்குக்கு அடுத்தபடியாக அவர் நம்பிய கடிகாரம் வானொலிச் செய்திதான். தேநீர்க் கடையில் செய்தி ஓடும்போது கண்ணாடித் தம்ளர் ஓசைகூடக் கேட்கக் கூடாதாம். பேசியவனைக் கடைக்காரரே, ஏனுங்க செத்த சும்மா இருங்க என்று அடக்கிவிடுவாராம். வாசிப்பவரின் பெயரை அப்புச்சி சொல்லமாட்டார். தில்லிக்காரர் என்பார். பெட்டிக்குத் தனியாக உரிமக் கட்டணம் கட்டி, அஞ்சலகத்தில் புத்தகத்தில் வில்லை ஒட்டிக்கொண்ட காலம். காசு கொடுத்துக் கேட்டதால் மரியாதையும் இருந்ததோ என்னவோ.

விசுவநாதன் தில்லியில் பணியாற்றிய காலத்திலும் மேடையை விடவில்லை. தலைநகரத் தமிழர்கள் நடத்திய நாடகங்களில் நடித்தார். பின்பு சென்னைக்கு வந்தார். அவர் இடத்தைத் தில்லியில் வேறு குரல்கள் நிரப்பின. 1962இல் வானொலியில் சேர்ந்த சரோஜ் நாராயணசுவாமி அவர்களே பிற்காலத் தலைமுறைக்குத் தமிழ்ச் செய்தி என்றாலே நினைவுக்கு வருபவர். அவரும் 2022இல் மறைந்தார்.

சென்னையில் விசுவநாதனுக்கு வாய்த்த நற்பேறு எழுத்தாளர் சுஜாதா. சுஜாதா எழுதிய மேடை நாடகங்களில் பெரும்பாலானவை விசுவநாதனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ‘கடவுள் வந்திருந்தார்’, ‘அடிமைகள்’, ‘ஊஞ்சல்’, ‘அன்புள்ள அப்பா’, ‘டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு’ ஆகியவை அவற்றுள் சில. பூர்ணம் நியூ தியேட்டர் என்று தம் பெயரிலேயே குழு நடத்தினார். ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் அவர் ஏற்றது ஓய்வு பெற்ற ஒருவரின் பாத்திரம். எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். வீட்டார் எவருக்கும் தெரிவதில்லை. அவரைப் பித்தர் என்கிறார்கள். பிறகு அதே மனிதரைத் தெய்வமாக்கிவிடுகிறார்கள். பிறர் காணாத ஒருவனோடு உரையாடுவதில் இவருக்கு என்ன தடுமாற்றம் இருந்திருக்க முடியும்? பல்லாண்டு காலம், முகம் காணாத இலட்சம் பேரோடு தனியறையில் பேசியவர் அன்றோ.

திரையுலகுக்கு அவர் வந்தது முதுமையின் வாயிலில். கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ 1980இல் வெளிவந்தது. கதை நிகழும் இடம் தில்லி. வேலையில்லாத இளைஞர்களின் தில்லி. அங்கே கமலஹாசனின் தந்தையாக, சங்கீதப் பெருமை மிக்க ஆசாரமான மனிதராக விசுவநாதன் வருகிறார். படித்த மகன் முடிதிருத்தும் கடையில் வேலை செய்வதை அந்தத் தந்தை காணும் இடத்தை நம் மாணவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். வேறு நடிகராயிருந்தால் மார்பில் அடித்துக்கொண்டு அழுது தீர்த்திருப்பார். இவரோ மிகக் குறைவாகவே செய்கிறார். அழுவதை நமக்கு விட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டே ‘தில்லு முல்லு’வில் இரஜினிகாந்துக்கு வேண்டிய டாக்டராக வந்து சிரிக்க வைத்தார். நகைச்சுவையிலும் அதே அளவுதான். சிரிப்புக்குரிய சொல்லைச் செய்தியைப் போல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ‘ஆசை’ 1995இல் வந்தபோது எழுபதைத் தாண்டிவிட்டார். அப்போதும் சொல் ஒவ்வொன்றும் கடைசி அசை வரை முழுமையாகக் காதில் விழுகிறது. வினைமுற்றை விழுங்காத பழக்கம் போகவில்லை.

மேடை அவருக்குக் குரலை வீசக் கற்றுக்கொடுத்திருக்கும். அடக்கக் கற்றுக்கொடுத்தது செய்தி அறைதான் என்பது என் துணிபு. பிற மேடை நடிகர்கள் பலர் திரைக்கு வந்தபோது ஒலிவாங்கி அருகிலேயே இருப்பதை மறந்து கடைசி வரிசைக்கும் கேட்கும்படி முழங்கினார்கள். இவர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஒலிவாங்கி என்பது காது. காதருகில் கத்தக் கூடாது என்பது வானொலிக்காரரின் பால பாடம்.

நம் தமிழ் மன்றத்தில் செய்தி வாசிப்புப் போட்டி நடக்கும்போதெல்லாம் இன்றைய தொலைக்காட்சிகளைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, முதல் வரியிலேயே இடி முழக்கி வாசிப்பவர்களுக்கே கைதட்டல் கிடைக்கிறது. கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிந்தபின் என்ன செய்தி என்று கேட்டால் அவையில் யாருக்கும் நினைவில்லை; இதைச் சென்ற முறை அருகிலிருந்த நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன்.

2008 பிப்ரவரியில் சுஜாதா மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், எண்பத்தேழு வயது நிறைய ஒன்றரை மாதமே இருக்கையில், விசுவநாதனும் மறைந்தார். எழுதியவரும் அதைப் பேசியவரும் ஓராண்டுக்குள் போய்விட்டனர். சுஜாதாவின் நாடகங்கள் நூலாகக் கிடைக்கின்றன. ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தைப் படிக்க எடுப்பவர்கள் முதல் காட்சியில் அந்த ஓய்வுபெற்ற மனிதரின் பேச்சை வாய்விட்டு, மெதுவாக, எதையும் கூட்டாமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.